தாய்மைச் சுரப்பு மூளையைக் காக்குமா?

ஓடி விளையாடும் குழந்தை கால் தடுக்கி, நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்கிறது. "வீல்" என்று ஒரு கத்தல். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வருகிறாள். முந்தானை நுனியைப் பந்துபோல் சுருட்டி, வாயால் ஊதி ஊதிச் சூடாக்கி, புடைத்த இடத்தில் ஒற்றி எடுக்கிறாள். "ஒன்றுமில்லையடா கண்ணு! அந்த நிலைப்படியை அடிச்சுடலாம்!" என்கிறாள். ஐந்து நிமிஷத்தில் அழுகை நிற்கிறது. நெற்றியில் மட்டும் ஒரு நெல்லிக்காய் முளைத்திருக்கிறது. இரண்டு நாளில் அதுவும் வற்றிவிடும்.

இந்த நெல்லிக்காய் வெளியே முளைத்ததால்தான் காரியம் இத்தனை சுலபமாக முடிந்தது. இதே வீக்கம் மண்டை ஓட்டுக்கு உள்ளே ஏற்பட்டால் என்ன ஆகும்? கையிலோ காலிலோ அடிபட்டால் தோல் விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும் அளந்து வைத்தாற்போல் அடங்கியிருக்கின்றன. மூளை வீங்கினால் அது தன்னையே நசுக்கிக்கொள்ளும். தனக்கு வரும் ரத்தத்தையும் தானே தடுத்துக்கொள்ளும்.

விபத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும்போது பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் நினைவிழந்து கிடப்பதுண்டு. "நேற்று நன்றாகத்தானே இருந்தார்!" என்று வீட்டார் கலங்கிப் போவார்கள். அடி ஒரு விநாடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து மூளைக்குள் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஒரு கலவரம் நடக்கிறது. அதைத்தான் டாக்டர்கள் 'இரண்டாவது காயம்' என்கிறார்கள். முதல் காயத்தைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. இரண்டாவது காயத்தையாவது தடுக்க முடியுமா?

முடியும் என்று நிபுணர்கள் பலர் ஒரு சமயம் நம்பினார்கள். அதுவும் எதைக் கொண்டு? கர்ப்பிணிப் பெண்ணின் உடலில் ஏராளமாய்ச் சுரக்கும் ஒரு ஹார்மோனைக் கொண்டு! அந்த நம்பிக்கை பிறந்த கதையும், அது சோதனைக்கு உள்ளான கதையும் நம் வாசகிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

மூளையின் ஊர்க்காவல்

கிருமிகளோடு போராட ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மூளைக்கென்று தனியாகவே ஒரு காவல் படை உண்டு. அதன் பெயர் மைக்ரோக்ளியா. ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளரான பியோ தெல் ரியோ ஓர்த்தேகா, மாட்ரிட் நகரில் வெள்ளி உப்பு ஒன்றைக் கொண்டு மூளைத் துண்டுகளுக்குச் சாயமேற்றிப் பார்த்து, 1919-ஆம் ஆண்டில் இந்த அணுக்களை முதன் முதலாக இனம் பிரித்துக் காட்டினார். பின்னர் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பாவம், அந்த மனிதர் சொந்த நாட்டை விட்டு வெளியேறி, 1945-ல் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில் காலமானார்.

இந்தக் காவலர்கள் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறார்கள்? தூங்குகிறார்கள் என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 2005-ல் விஞ்ஞானிகள், உயிருள்ள சுண்டெலியின் மண்டை எலும்பை மெல்லியதாய் இழைத்து, விசேஷ மைக்ராஸ்கோப் வழியாக மூளைக்குள் எட்டிப் பார்த்தார்கள். என்ன ஆச்சரியம்! ஒவ்வோர் அணுவும் மரக்கிளைபோல் பரந்த தன் கைகளை நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தை ஓயாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. லேசர் கதிரால் ஓரிடத்தில் ஊசிமுனையளவு சுட்டார்கள். அக்கம்பக்கத்துக் காவலர்கள் அத்தனை பேரும் சில நிமிஷங்களில் அங்கே கையை நீட்டி, காயத்தைச் சுற்றி வேலி கட்டிவிட்டார்கள்.

இத்தனை நல்ல காவலர்களால் கெடுதலும் உண்டா? உண்டு. வீட்டின் ஒரு மூலையில் தீப்பிடித்தால் ஊரே திரண்டு வந்து குடம் குடமாய்த் தண்ணீரைக் கொட்டுகிறது. தீ அணைந்துவிடும். ஆனால் எரியாமல் தப்பிய பெட்டியும் படுக்கையும் நனைந்து நாசமாகிவிடும் அல்லவா? பலத்த அடி பட்ட மூளையிலும் இப்படித்தான். காவல் அணுக்கள் ஆவேசம் கொண்டு, கிருமியைக் கொல்வதற்கான காரமான ரசாயனப் பொருள்களைக் கக்குகின்றன. செத்துப்போன அணுக்களை அப்புறப்படுத்துவதோடு நிற்காமல், பிழைத்திருக்கக் கூடிய நரம்பு அணுக்களையும் வாட்டிவிடுகின்றன. அந்த அமளியில் சில காவலர்களும் மடிகிறார்கள். வேண்டியது காவலர்களை ஒழிப்பதல்ல. அவர்களைத் தட்டிக் கொடுத்து, நிதானப்படுத்தி, அவர்களையும் காப்பாற்ற வேண்டும். அதற்கு எது கைகொடுக்கும்?

ஒரே மாவில் பல பலகாரம்

ஸ்டிராய்டு என்றதும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மாத்திரையோ, பந்தயக்காரர்கள் திருட்டுத்தனமாய்ப் போட்டுக்கொள்ளும் ஊசியோ நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஒரே மாவை வைத்துக்கொண்டு இட்லி, தோசை, பணியாரம் என்று செய்கிறோமே, அதுபோல் நம் உடல் கொலஸ்டிரால் என்ற ஒரே பொருளிலிருந்து பலவித ஸ்டிராய்டு ஹார்மோன்களைத் தயாரித்துக்கொள்கிறது. மனக்கலவரத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால், ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன், கருவைத் தாங்குகிற புரொஜெஸ்டிரோன் எல்லாம் இந்தக் குடும்பத்து உருப்படிகள்தாம்.

இவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. மூளைக்குள் எந்தப் பொருளும் சுலபத்தில் நுழைய முடியாதபடி ரத்தக் குழாய்களின் சுவர் தடுக்கிறது. கொழுப்பில் கரையும் ஸ்டிராய்டுகளோ வாசல் திறந்திருப்பதுபோல் உள்ளே போய்விடுகின்றன. அதுமட்டுமல்ல. 1981-ல் பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென் எமில் போலியூவும் அவரது கூட்டத்தாரும், எலியின் மூளை தானாகவே சில ஸ்டிராய்டுகளைத் தயாரித்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளங்களைக் கண்டார்கள். மூளையே தனக்கு வேண்டிய ஹார்மோனைச் சமைத்துக்கொள்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

மூத்தவனின் கதை

முதலில் சோதனைக்கு வந்தது கார்ட்டிசால் கிளையைச் சேர்ந்த மருந்துகள். மூளையில் கட்டி வளர்ந்து, அதைச் சுற்றி ஏற்படும் வீக்கத்தை இவை அதிசயிக்கத்தக்க வகையில் வற்றச் செய்தன. 1960-களின் தொடக்கத்திலேயே டாக்டர்கள் இதைக் கண்டார்கள். கட்டியின் வீக்கம் வற்றுமானால் அடிபட்ட வீக்கமும் வற்றத்தானே வேண்டும்? நியாயமான யோசனைதான். பல நாடுகளில் தலைக்காயத்துக்கு ஸ்டிராய்டு ஊசி போடுவது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கம் சரிதானா என்று சோதிக்க 1999-ல் ஒரு பிரம்மாண்டமான பரிசோதனை தொடங்கியது. 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள். தலையில் அடிபட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டிராய்டு மருந்து. மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் தீர்மானமாகும். நோயாளிக்கும் தெரியாது. வைத்தியம் செய்யும் டாக்டருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதாக ஏற்பாடு. ஆனால் 10,008 பேர் சேர்ந்த நிலையில், 2004 மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

ஏன்? மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர். மருந்து பெறாதவர்களில் 18 பேர். காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, நூற்றுக்கு மூன்று உயிர்களைக் கூடுதலாகப் பறித்திருந்தது! நல்லெண்ணத்தோடு எத்தனை வருஷங்கள், எத்தனை பேருக்கு அந்த ஊசி போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

பெண் எலிகள் சொன்ன சேதி

இது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்காவில் வேறொரு கிளை துளிர்விட்டு வளர்ந்துகொண்டிருந்தது. டொனால்ட் ஸ்டீன் என்ற விஞ்ஞானி மூளையில் அடிபட்ட எலிகளை ஆராய்ந்துவந்தார். அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே மாதிரிக் காயம். ஒரே மாதிரிக் கவனிப்பு. ஆனால் பெண் எலிகளில் சில, ஆண் எலிகளைவிட நன்றாகத் தேறி வந்தன. எல்லாப் பெண் எலிகளும் தேறவில்லை, சிலதான். அந்தச் 'சில' எவை?

விடை ஹார்மோனில் இருந்தது. கர்ப்பமில்லாமலேயே கர்ப்பம்போன்ற நிலையில், அதாவது புரொஜெஸ்டிரோன் உடலில் நிறைந்திருந்த சமயத்தில், அடிபட்ட எலிகள்தாம் தேறியவை. 1987-ல் ஸ்டீனும் அவரது சகாக்களும் இதை வெளியிட்டார்கள். பிறகு ஆண் எலிகளுக்கே அந்த ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளின் மூளை வீக்கமும் குறைந்தது!

புரொஜெஸ்டிரோன் என்ற பெயருக்கே கருவைப் பேணுவது என்று பொருள். மாதந்தோறும் கருப்பையை ஆயத்தம் செய்வதும், கரு தங்கிய பிறகு அதைக் கலையாமல் காப்பதும் இதுதான். தாயின் உடலுக்குக் கரு ஒருவிதத்தில் அந்நியப் பொருள். அதைப் பகைத்துத் தாக்காதபடி தாயின் காவல் படையைச் சாந்தப்படுத்துவதிலும் இந்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. கருப்பையில் சாந்தப்படுத்தும் கை மூளையிலும் சாந்தப்படுத்துகிறதோ?

ஆராய்ச்சிசாலைகளில் மைக்ரோக்ளியா அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, பாக்டீரியாவின் மேலோட்டுப் பொருளால் அவற்றைச் சீண்டிப் பார்த்தார்கள். அணுக்கள் வழக்கம்போல் காரப் பொருள்களைக் கக்கின. புரொஜெஸ்டிரோனையோ ஈஸ்ட்ரோஜனையோ முன்கூட்டிச் சேர்த்தபோது கக்குவது குறைந்தது. எலியின் மூளையிலும் காவலர்களின் ஆவேசம் தணிந்து, நரம்பு அணுக்கள் அதிகமாய்ப் பிழைத்தன. எங்கு பார்த்தாலும் நல்ல சகுனமாகவே இருந்தது.

அட்லாண்டாவில் அரும்பிய நம்பிக்கை

ஸ்டீன் பின்னர் அட்லாண்டா நகரிலுள்ள எமரி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவசர சிகிச்சை டாக்டர்களோடு கூட்டுச் சேர்ந்து, 2002-ல் அதே நகரின் கிரேடி ஆஸ்பத்திரியில் முதன் முறையாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. 2005 வரை நூறு பேர். 77 பேருக்குப் புரொஜெஸ்டிரோன் மூன்று நாள் ரத்தக் குழாய் வழியே ஏற்றப்பட்டது. 23 பேருக்கு மருந்தில்லாத திரவம்.

ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். மருந்து பெற்ற 77 பேரில் இறந்தவர்கள் 10 பேர். பெறாத 23 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அதாவது நூற்றுக்கு 13 எங்கே, 30 எங்கே! 2008-ல் சீனாவின் ஹாங்சௌ நகரிலிருந்தும் இதேபோன்ற சேதி வந்தது. அங்கே பலத்த காயமடைந்த 159 பேரில், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 18, பெறாதோரில் 32.

மருந்தும் மலிவானது, வெகு காலமாகப் பழகியது. பெண்மையின் சுரப்பு ஆண்களையும் காப்பாற்றப் போகிறது என்ற எண்ணமே மனத்துக்கு எத்தனை இதமாயிருந்தது! கணவனோ மகனோ நினைவிழந்து உள்ளே கிடக்க, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்துக் கிடக்கும் பெண்களுக்கு இதைவிட வேறென்ன நற்செய்தி வேண்டும்?

ஆனால் முதியவர்கள் சொல்வார்களே, ஆயிரம் பேருக்குச் சமைத்த பிறகுதான் சமையற்காரரின் கைப்பக்குவம் தெரியும் என்று. நூறு பேரில் தற்செயலாகவும் நல்ல பலன் தோன்றலாம். மூத்தவனின் கதையை மறக்காத டாக்டர்கள் இம்முறை அவசரப்படவில்லை.

2014: தீர்ப்பு வந்தது

இரண்டு பெரிய பரிசோதனைகள் நடந்தன. ஒன்று அமெரிக்காவில் 49 விபத்துச் சிகிச்சை நிலையங்களில். அடிபட்ட நான்கு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, நான்கு நாள் ஏற்றினார்கள். இன்னொன்று பல நாடுகளில் 1,195 பேருக்கு. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கி ஐந்து நாள் ஏற்றினார்கள். இரண்டின் முடிவும் 2014 டிசம்பரில் ஒரே பத்திரிகையில் வெளியாயிற்று.

அமெரிக்கப் பரிசோதனையில் 1,140 பேரைச் சேர்ப்பதாக இருந்தது. 882 பேரோடு நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து நல்லபடி தேறியவர்கள், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 51. பெறாதோரில் 55 அல்லது 56. பல நாட்டுப் பரிசோதனையில் இரு தரப்பிலும் நூற்றுக்கு 50-தான். மருந்து கொன்றது என்று சொல்வதற்கில்லை. ஆனால் காப்பாற்றவும் இல்லை.

எலியைக் காத்தது மனிதனை ஏன் காக்கவில்லை? ஆராய்ச்சிசாலை எலிகள் எல்லாம் ஒரே வயது, ஒரே வமிசம், ஒரே இடத்தில் ஒரே அளவான அடி. மனிதர்களோ அப்படியா? ஒருவர் மாடியிலிருந்து விழுந்தவர். ஒருவர் கார் விபத்தில் சிக்கியவர். ஒருவருக்கு மூளையில் ரத்தக் கட்டு. இன்னொருவருக்கு நரம்பு நார்களே அறுந்த நிலை. எல்லோருக்கும் ஒரே அளவு மருந்து பொருந்துமா? எலிக்குச் சரியாயிருந்த அளவும் நேரமும் மனிதனுக்கும் சரிதானா? ஸ்டீனே தோல்வியை மூடி மறைக்காமல், அதிலிருந்து என்ன கற்கலாம் என்று 2015-ல் கட்டுரை எழுதினார். காவல் அணுக்களின் ஆவேசமும் முழுக்க முழுக்கக் கெடுதல் அல்ல என்பது மற்றொரு பாடம். முதல் நாள் அடக்க வேண்டிய அதே அணுக்கள், பிந்திய நாட்களில் குப்பையை அகற்றிக் காயத்தை ஆற்றுகின்றன. எப்போது அடக்குவது, எப்போது விட்டுவிடுவது என்பதுதான் சூட்சுமம்.

வீணாகாத உழைப்பு

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. மூளைக்கும் இந்த ஹார்மோன்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள், புரொஜெஸ்டிரோனிலிருந்து மூளையில் உண்டாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருளை நெருங்கிப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் ஏராளமாயிருக்கும் இது, பிரசவமானதும் கிடுகிடுவென்று இறங்கிவிடுகிறது. பிள்ளை பெற்ற சில பெண்களைப் பீடிக்கும் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். அதன் சாயலில் செய்த சுரனலோன் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பதினாலு நாள் மட்டும் உட்கொள்ளும் மருந்து அது. "பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டேனென்கிறாளே!" என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட பச்சை உடம்புக்காரியின் துயரம், சுபாவக் கோளாறு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

வீட்டுக்கு நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

"ஹார்மோன் மூளைக்கு நல்லதாமே, மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?" என்று யாராவது கேட்டால், 2003-ல் வெளியான இன்னொரு முடிவைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 4,532 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஞாபக சக்தியைக் காக்கும் என்ற நம்பிக்கைதான். கடைசியில் புத்தி மங்கும் நோய் வந்தவர்கள், மருந்து பெற்றோரில் 40 பேர். பெறாதோரில் 21 பேர். மாதவிலக்கு நிற்கும் வயதின் உபத்திரவங்களுக்கு ஹார்மோன் தேவையா என்பதை டாக்டர் ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பார். மூளைக்குப் பலம் என்று நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதேபோல், வேறு வியாதிக்காக டாக்டர் கொடுத்துள்ள ஸ்டிராய்டு மாத்திரையை, பயந்துகொண்டு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இரண்டாவது காயத்தை அடக்கும் மந்திர ஊசி இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே நம் கையில் இருப்பவை இரண்டு. முதல் காயமே வராமல் தடுப்பது ஒன்று. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரும் பெண்களுக்கும் ஹெல்மெட் உண்டு என்பதை மறக்காதீர்கள். நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது மற்றொன்று. தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, வரவரக் கூடும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாதல் — இவற்றில் ஒன்று தென்பட்டாலும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் பெரியவர்கள், அடி லேசானதாயிருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நிலைப்படியில் முட்டிக்கொண்ட நம் குழந்தையின் சங்கதி? முந்தானையின் சூட்டைவிடக் குளிர்ந்த நீரில் நனைத்த துணிதான் வீக்கத்துக்கு நல்லது என்பார்கள் டாக்டர்கள். துணியை வைத்த பிறகும் அன்று முழுவதும் குழந்தையின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நிலைப்படியை அடிப்பதில் மட்டும் ஆட்சேபம் இல்லை. அழுகையை நிறுத்த அதற்கு ஈடான மருந்து கிடையாது!